விண்டோஸ் மாத்தினதும் எஸ்எஸ்டி மக்கர் பண்ணுதா? கொடைக்கானல்ல இருந்து ஒரு கேள்வி

(எபிசோடின் பேச்சு, படிக்க வசதியாகச் சற்றே சுருக்கித் திருத்தப்பட்டது.)

இன்னிக்குப் பேசப்போறது கொஞ்சம் வறட்டு விஷயம் மாதிரி தெரியும். ஆனா உங்க காலேஜ் புராஜெக்ட், கல்யாண போட்டோ, ஃப்ரீலான்ஸ் வேலை, வீட்டு ஆல்பம் எல்லாமே இதுக்குள்ளதான் உட்கார்ந்திருக்கு. எஸ்எஸ்டி. விரல் நீளத்துல ஒரு சின்ன அட்டை.

ஏன் இப்போன்னு கேட்டா, 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிஞ்சுபோச்சு. வீட்டு உபயோகத்துக்கு 2026 அக்டோபர் வரைக்கும் கூடுதல் பாதுகாப்பு அப்டேட் வாங்கிக்கலாம், அவ்வளவுதான். அதனால எல்லாரும் விண்டோஸ் 11-க்கு மாறிட்டிருக்காங்க. மாறின அடுத்த வாரமே நமக்கு மெசேஜ் வருது: "அப்கிரேட் பண்ணேன், எஸ்எஸ்டி போயிடுச்சு."

கொடைக்கானல்ல இருந்து ஒரு நேயர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். சின்னதா ஹோம்ஸ்டே நடத்தறார், மீதி நேரம் போட்டோகிராஃபி. அவர் சொன்னதுல மூணு பிரச்சனை இருக்கு. ஒண்ணு, விண்டோஸ் 11 போட்டதுல இருந்து லேப்டாப் ஆமை மாதிரி நகருது. ரெண்டு, பயாஸ் அப்டேட் பண்ணி ரீஸ்டார்ட் பண்ணதும் நீலத் திரை வந்து 48 இலக்க சாவி கேட்குது. மூணு, மழையில கரண்ட்டும் இல்ல, நெட்டும் இல்ல. "டிரைவ் செத்துடுச்சா, கீழ வத்தலக்குண்டுக்கு எடுத்துட்டுப் போய் ஃபார்மட் பண்ணிடவா?"ன்னு கேட்கறார்.

ஃபார்மட் பண்ணாதீங்க. யாருமே முதல் வேலையா அதைப் பண்ணாதீங்க. ஏன்னு புரியணும்னா, முதல்ல எஸ்எஸ்டி எப்படி வேலை செய்யுதுன்னு ஒரு அஞ்சு நிமிஷம் பார்த்துடலாம்.

சீசன்ல ஒரு லாட்ஜ்

மே மாசம் கொடைக்கானல்ல ஒரு லாட்ஜை நினைச்சுக்கோங்க. இந்த லாட்ஜ்ல ஒரு விசித்திரமான விதி. ரூமை ஒவ்வொண்ணா வாடகைக்குக் கொடுக்கலாம். ஆனா சுத்தம் பண்ணணும்னா மாடி முழுசையும் காலி பண்ணித்தான் கழுவ முடியும். ஒரே ஒரு ரூமை மட்டும் கழுவ முடியாது.

எஸ்எஸ்டிக்குள்ள இருக்கிற நேண்ட் சிப் அப்படித்தான். எழுதறது சின்னச் சின்னப் பக்கமா எழுதலாம். அழிக்கறது பெரிய தொகுதியாத்தான் அழிக்க முடியும். எழுதின இடத்து மேலயே திரும்ப எழுதவும் முடியாது, முதல்ல அழிக்கணும். அதனால உள்ள இருக்கிற கன்ட்ரோலர், அதாவது லாட்ஜ் மேனேஜர், சும்மா இருக்கிற நேரத்துல என்ன பண்றார்? ஒரு மாடியில மிச்சம் இருக்கிற விருந்தாளிகளை வேற மாடிக்கு மாத்திட்டு, அந்த மாடியைக் கழுவி வைக்கிறார். புதுசா யாராவது வந்தா ரூம் ரெடியா இருக்கணுமே.

இப்போ ஒரு சிக்கல். நீங்க ஒரு ஃபைலை டெலிட் பண்றீங்க. விண்டோஸ் தன்னோட பதிவேட்டுல அந்தப் பேரை அடிச்சிடுது. ஆனா மேனேஜருக்கு அது தெரியாது. விருந்தாளி கிளம்பிட்டார்னு யாரும் சொல்லலைன்னா, அவர் ரூமை ஆள் இருக்கிற ரூமாவே நினைச்சு, இல்லாத ஆளோட மூட்டையையும் மாடி மாடியா தூக்கிட்டு அலைவார். "இந்த ரூம் காலி"ன்னு ரிசப்ஷன்ல இருந்து போற தகவல்தான் ட்ரிம். ஆப்பரேட்டிங் சிஸ்டம் அந்தத் தகவலை ஒழுங்கா அனுப்பணும், டிரைவ் அதைப் புரிஞ்சுக்கணும். பராமரிப்புன்னு நாம சொல்றதுல பாதி இதுதான்.

மீதி பாதி, காலி இடம். சீசன்ல லாட்ஜ் ஃபுல்லா இருந்தா, ஆளை மாத்தி வைக்க ரூமே இருக்காது. மேனேஜர் திணறுவார். 256 ஜிபி டிரைவ்ல 240 ஜிபி நிரப்பி வெச்சிருந்தா அதுவும் திணறும். விலை கம்மியான டிரைவ்கள்ல இது இன்னும் பளிச்சுன்னு தெரியும்.

இதோட சேர்த்து ஒரு எச்சரிக்கை. ட்ரிம் நடந்து முடிஞ்ச ஃபைலை ரெக்கவரி சாஃப்ட்வேர் போட்டு மீட்கறது பெரும்பாலும் நடக்காது. பழைய ஹார்ட் டிஸ்க்ல டெலிட் பண்ண போட்டோவை மீட்டுக் கொடுத்த கடைக்காரர், எஸ்எஸ்டியில கையை விரிச்சிடுவார். ஃபார்மட் பண்ணாதீங்கன்னு நான் முதல்லயே சொன்னது இதனாலதான்.

முதல் பிரச்சனை: மெதுவாயிடுச்சு

அப்கிரேட் முடிஞ்ச முதல் ஒண்ணு ரெண்டு நாள் எந்த மெஷினும் மெதுவாத்தான் இருக்கும். ஃபைல்களை எல்லாம் திரும்ப இன்டெக்ஸ் பண்ணும், வைரஸ் ஸ்கேன் ஓடும், ஸ்டோர் ஆப்ஸ் எல்லாம் அப்டேட் ஆகும். சார்ஜர்ல போட்டு, ஸ்லீப் ஆகாம ஒரு ராத்திரி விட்டுடுங்க.

அப்புறமும் மெதுவா இருந்தா, இடத்தைப் பாருங்க. அப்கிரேட் பண்ணும்போது பழைய விண்டோஸை அப்படியே ஒரு ஃபோல்டர்ல எடுத்து வைக்கும். 'விண்டோஸ் டாட் ஓல்டு'ன்னு பேர். அதுவே 20, 30 ஜிபி தின்னும். 10 நாளைக்குள்ள பழைய விண்டோஸுக்குத் திரும்பிப் போக அது வேணும். புது விண்டோஸ் நல்லா ஓடுது, திரும்பிப் போற எண்ணம் இல்லன்னு முடிவான பிறகு, செட்டிங்ஸ்ல ஸ்டோரேஜ் பகுதிக்குப் போய் க்ளீனப் மூலமா எடுத்துடலாம். நேரா ஃபோல்டரைப் பிடிச்சு டெலிட் பண்ணப் போகாதீங்க. மொத்தத்துல 15, 20 சதவீதம் காலியா இருக்கிற மாதிரி வெச்சுக்கோங்க.

அடுத்து ட்ரிம். ஸ்டார்ட் மெனுவுல 'டிஃப்ராக்மென்ட் அண்ட் ஆப்டிமைஸ் டிரைவ்ஸ்'னு தேடினா ஒரு சின்ன ஜன்னல் திறக்கும். உங்க டிரைவ் 'சாலிட் ஸ்டேட் டிரைவ்'னு காட்டணும். கடைசியா எப்போ ஆப்டிமைஸ் ஆச்சுன்னு தேதி இருக்கும். வாரத்துக்கு ஒருமுறைன்னு செட் ஆகியிருக்கும், அதை அப்படியே விடுங்க. எஸ்எஸ்டியா இருந்தா அந்த 'ஆப்டிமைஸ்' பட்டன் செய்யற முக்கிய வேலை ட்ரிம் அனுப்பறதுதான். வெளியில இருந்து டிஃப்ராக் சாஃப்ட்வேர் எதுவும் டவுன்லோடு பண்ணி ஓட்டாதீங்க. ஹார்ட் டிஸ்க்குக்கு மருந்தா இருந்தது, எஸ்எஸ்டிக்கு வீண் தேய்மானம்.

இந்தச் சின்ன ஜன்னலும் ஒருமுறை தடுமாறியிருக்கு. 2020 மே மாசம் வந்த விண்டோஸ் 10 அப்டேட்ல, கடைசியா ஆப்டிமைஸ் பண்ண தேதியை ஒவ்வொரு ரீஸ்டார்ட்லயும் மறந்துடற பிழை இருந்தது. சில மாசத்துல சரி பண்ணிட்டாங்க. அதனாலதான் பெரிய அப்கிரேட் முடிஞ்சதும் ஒருமுறை திறந்து பாருங்கன்னு சொல்றேன்.

மேக் வெச்சிருக்கிறவங்களுக்கு ஒரு வரி: ஆப்பிளே போட்ட எஸ்எஸ்டிக்கு ட்ரிம் தானாவே உண்டு. பழைய மேக்புக்ல நீங்க வெளியில வாங்கி மாட்டின டிரைவுக்கு நாமதான் அதை இயக்கி விடணும், அப்கிரேட் பண்ண பிறகு அது ஆன்ல இருக்கான்னு பார்க்கணும். உபுண்டுல வாரம் ஒருமுறை ட்ரிம் ஓட ஏற்கெனவே ஏற்பாடு இருக்கு.

நிஜமாவே அப்கிரேட்தான் காரணமா இருந்தா?

இருந்திருக்கு. 2024 அக்டோபர்ல விண்டோஸ் 11-ஓட 24எச்2 பதிப்பு வந்தது. வெஸ்டர்ன் டிஜிட்டலோட எஸ்என்770, எஸ்என்580 மாதிரியான சில மாடல்கள்ல, அதுவும் 2 டிபி அளவுல, நீலத் திரை வர ஆரம்பிச்சது. காரணம் என்னன்னா, இந்த டிரைவ்கள்ல சொந்தமா டிராம் சிப் கிடையாது. கம்ப்யூட்டரோட ரேம்ல இருந்து கொஞ்சம் கடன் வாங்கித்தான் வேலை செய்யும். பழைய விண்டோஸ் 64 எம்பிக்கு மேல கொடுக்கல. புது விண்டோஸ், டிரைவ் கேட்ட 200 எம்பியையும் கொடுத்துடுச்சு. கேட்டதைக் கொடுத்தும் டிரைவால அதைச் சரியாக் கையாள முடியல. வெஸ்டர்ன் டிஜிட்டல் புது ஃபர்ம்வேர் விட்டதும் தீர்ந்தது.

பாருங்க, கோளாறு டிரைவுக்குள்ள முன்னாடியே இருந்தது. பழைய விண்டோஸ்ல அது வெளியே தெரியறதுக்கு வாய்ப்பே வரல. அப்கிரேட் வந்து அம்பலமாச்சு.

இதுக்கு நேர் எதிரான கதையும் இருக்கு. 2025 ஆகஸ்ட்ல ஒரு விண்டோஸ் 11 அப்டேட் வந்ததும், ஜப்பான்ல ஒரு பயனர் தன்னோட டிரைவ்கள் காணாமப் போறதா எழுதினார். 60 சதவீதத்துக்கு மேல நிறைஞ்ச டிரைவ்ல, ஒரே மூச்சுல 50 ஜிபி வரைக்கும் எழுதினா இப்படி ஆகுதுன்னார். ரெண்டே நாள்ல யூடியூப் முழுக்க "விண்டோஸ் உங்க எஸ்எஸ்டியைக் கொல்லுது". கன்ட்ரோலர் தயாரிக்கிற தைவான் நிறுவனம் ஃபைசன் 4,500 மணி நேரத்துக்கு மேல சோதிச்சுப் பார்த்தோம், அந்தக் கோளாறை வரவழைக்க முடியலன்னு சொல்லிச்சு. மைக்ரோசாஃப்ட்டும் தொடர்பு எதுவும் கிடைக்கலன்னு அறிவிச்சது. கோளாறு வந்த சில டிரைவ்கள்ல, கடைக்கு வர்றதுக்கு முந்தின சோதனை ஃபர்ம்வேர் இருந்ததுன்னு அப்புறமா தெரிய வந்தது.

விண்டோஸுக்கு சம்பந்தமே இல்லாமலும் நடக்கும். 2019 நவம்பர்ல எச்பிஇ நிறுவனம் தன்னோட சில சர்வர் எஸ்எஸ்டிகளுக்கு ஒரு எச்சரிக்கை விட்டது. சரியா 32,768 மணி நேரம் ஓடினதும் டிரைவ் செத்துடும், டேட்டாவும் திரும்ப வராது. கணக்குப் போட்டா 3 வருஷம், 270 நாள், 8 மணி நேரம். ஃபர்ம்வேர்ல இருந்த பிழை. ஒரே நாள்ல வாங்கி ஒரே நாள்ல ஓட விட்ட நாலு டிரைவ் ஒரே நேரத்துல போகும்னா, ஒண்ணுக்கொண்ணு காப்பின்னு வெச்சிருந்ததுக்கு என்ன அர்த்தம்?

அதனால விண்டோஸை மட்டும் அப்டேட் பண்ணாதீங்க, டிரைவோட ஃபர்ம்வேரையும் பாருங்க. சாம்சங், க்ரூஷியல், வெஸ்டர்ன் டிஜிட்டல் எல்லாருமே இதுக்குன்னு இலவச சாஃப்ட்வேர் தர்றாங்க. ஊர் பேர் தெரியாத எஸ்எஸ்டி 300 ரூபா கம்மியாக் கிடைக்குதுன்னு வாங்கினா, பெரும்பாலும் இந்த வசதி இருக்காது. அந்த 300 ரூபா இங்கதான் போகுது.

ஆரோக்கியத்தைப் பார்க்கவும் வழி இருக்கு. என்விஎம்இ டிரைவா இருந்தா விண்டோஸ் 11 செட்டிங்ஸ்லயே, டிரைவோட விவரப் பக்கத்துல மீதி ஆயுள் எத்தனை சதவீதம், வெப்பம் எவ்வளவுன்னு காட்டும். இல்லன்னா கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோன்னு இலவச சாஃப்ட்வேர் இருக்கு. மீதி ஆயுள் 90 சதவீதம்னு இருந்தா, அப்கிரேட் பண்ணதால டிரைவ் தேய்ஞ்சுபோச்சுங்கற பயத்தை விட்டுடலாம். ஆனா திடீர்னு கன்ட்ரோலர் போறதை இந்த எண் முன்கூட்டியே சொல்லாது.

பழைய லேப்டாப், புது விண்டோஸ்

நம்ம ஊர்ல நிறைய பேர் பண்ணது இதுதான்: பழைய லேப்டாப்ல ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டிட்டு, கடையில சொல்லி எஸ்எஸ்டி மாட்டி, பழையதை அப்படியே க்ளோன் பண்ணிக்கிட்டாங்க. வேகம் பிரமாதம். ஆனா க்ளோன் பண்ணும்போது பழைய காலத்து எம்பிஆர் பிரிவு முறையும் கூடவே வந்திருக்கும். விண்டோஸ் 11 கேட்கறது யூஇஎஃப்ஐ, செக்யூர் பூட், டிபிஎம் 2.0. அதுக்கு டிரைவ் ஜிபிடி முறையில இருக்கணும். பார்ட்ஸ் எல்லாம் புதுசா இருந்தும் "உங்க கம்ப்யூட்டர் தகுதி இல்ல"ன்னு வருதுன்னா, சில சமயம் காரணம் இதுதான். டேட்டாவை அழிக்காமலே எம்பிஆர்ல இருந்து ஜிபிடிக்கு மாத்த விண்டோஸ்லயே ஒரு கருவி இருக்கு. அதை ஓட்டறதுக்கு முன்னாடி காப்பி எடுத்துக்கணும், மாத்தின பிறகு பயாஸ்ல யூஇஎஃப்ஐயை ஆன் பண்ணணும். கடைக்குப் போனா "ஃபார்மட் பண்ணாம மாத்துங்கண்ணே"ன்னு கேளுங்க.

இன்டெல்ல 8-ஆம் தலைமுறைக்கு முந்தின ப்ராசஸர்னா அதிகாரப்பூர்வமா விண்டோஸ் 11 கிடையாது. 2011-ல இருந்து தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப்கள்ல பலதும் இந்தக் கணக்குல வரும். தடையைத் தாண்டிப் போட வழி சொல்ற வீடியோக்கள் உண்டு, ஆனா அப்புறம் வர்ற அப்டேட்டுக்கு உத்தரவாதம் இல்ல. 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி மாட்டி லினக்ஸ் போட்டா அந்த மெஷின்கள் இன்னும் சில வருஷம் உழைக்கும். புது எஸ்எஸ்டி வாங்கறப்போ ஒண்ணு கவனிங்க: எம்.2 ஸ்லாட் இருக்குன்னா அது என்விஎம்இயைத்தான் எடுக்கும்னு அர்த்தம் இல்ல. பழைய சில மாடல்கள் எம்.2 வடிவத்துல சாட்டாவை மட்டும்தான் எடுக்கும். மாடல் நம்பரைப் பார்த்துட்டு வாங்குங்க.

ரெண்டாவது பிரச்சனை: நீலத் திரை கேட்ட சாவி

நம்ம கொடைக்கானல் நேயர் பார்த்த நீலத் திரை, டிரைவ் செத்ததுக்கான அடையாளம் இல்ல. அது பிட்லாக்கர். டிரைவ்ல இருக்கிறதைப் பூட்டி வைக்கிற வசதி. 24எச்2-ஐப் புதுசா இன்ஸ்டால் பண்ணி, மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல நுழைஞ்சா, பல மெஷின்கள்ல இது தானாவே ஆன் ஆயிடும். புது லேப்டாப் வாங்கினப்பவே ஆன் ஆகியிருக்கவும் வாய்ப்பு உண்டு. பயாஸ் அப்டேட் பண்ணா, டிரைவைக் கழட்டி வேற மெஷின்ல போட்டா, "நீங்க யாரு?"ன்னு 48 இலக்க சாவி கேட்கும்.

அந்தச் சாவி வழக்கமா உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல சேமிச்சிருக்கும். போன்ல இருந்து உள்ள போய் எடுத்துக்கலாம். ஆனா போன்ல சிக்னல் வேணுமே. பாஸ்வேர்டு ஞாபகம் இருக்கணுமே. காலேஜ்ல சேரும்போது யாரோ உருவாக்கிக் கொடுத்த மெயில் ஐடியா இருந்தா அது இன்னும் உயிரோட இருக்கணுமே. சாவி இல்லன்னா, நல்லா இருக்கிற டிரைவ்ல நல்லா இருக்கிற டேட்டா, உங்களுக்கு இல்லாமலே போயிடும். வத்தலக்குண்டு கடை இல்ல, உலகத்துல எந்தக் கடையாலயும் திறக்க முடியாது.

இன்னிக்கே பண்ண வேண்டியது: பிட்லாக்கர் ஆன்ல இருக்கான்னு பாருங்க. இருந்தா சாவியை ஒரு பேப்பர்ல எழுதி, ரேஷன் கார்டு, பத்திரம் வைக்கிற இடத்துல வையுங்க. பயாஸ் அப்டேட்டுக்கு முன்னாடி பிட்லாக்கரை 'சஸ்பெண்ட்' பண்ணுங்க. நேயர்கிட்டயும் இதைத்தான் சொன்னோம்: மழை விடட்டும், சிக்னல் வரட்டும், அக்கவுண்ட்ல சாவியைத் தேடுங்க, அதுவரைக்கும் மெஷின்ல கை வைக்காதீங்க.

மூணாவது: மலையில இருந்தா

கொடைக்கானல் 2,000 மீட்டருக்கு மேல இருக்கு. இந்த உயரம் எஸ்எஸ்டிக்கு ஒரு பொருட்டே இல்ல. கரண்ட்தான் பொருட்டு. காத்தும் மழையும் சேர்ந்தா மரம் விழும், லைன் போகும். 2018 நவம்பர்ல கஜா புயல் மலையைக் கடந்தப்போ எப்படி இருந்ததுன்னு அங்க இருக்கிறவங்களுக்குத் தெரியும். நாம வாங்கற சாதாரண எஸ்எஸ்டிகள்ல, கரண்ட் போனா கையில இருக்கிற வேலையை முடிக்கிற அளவுக்கு மின்சாரம் சேமிச்சு வைக்கிற அமைப்பு பெரும்பாலும் கிடையாது. அதனால ஃபர்ம்வேர், பயாஸ், விண்டோஸ் அப்கிரேட் மூணையும் பேட்டரி நல்லா இருக்கிற லேப்டாப்ல, சார்ஜர் போட்டுத்தான் பண்ணணும். டெஸ்க்டாப்னா யூபிஎஸ் வேணும். வானம் இருட்டிட்டு வர்ற சாயங்காலம் அதுக்கான நேரம் இல்ல.

அப்புறம் ஈரம். ராத்திரி முழுக்க கார்ல கிடந்த லேப்டாப்பை, வெந்நீர் ஆவி பறக்கிற சமையல்கட்டுப் பக்கம் கொண்டுவந்து உடனே ஆன் பண்ணாதீங்க. குளிர்ந்த பொருள் மேலதான் ஈரம் படியும். பையிலயே அரை மணி, ஒரு மணி நேரம் விட்டுட்டு ஆன் பண்ணுங்க.

ஒரு நல்ல சேதியும் இருக்கு. கரண்ட் இல்லாம அலமாரியில வெச்சிருக்கிற எஸ்எஸ்டி, வெயில் ஊரைவிட குளிர் ஊர்ல டேட்டாவை அதிக நாள் பிடிச்சு வைக்கும். ஜெடெக்னு ஒரு தர அமைப்பு, ஆயுள் முழுக்க எழுதித் தீர்த்த சாதாரண எஸ்எஸ்டியும் 30 டிகிரியில ஒரு வருஷம் டேட்டாவைக் காப்பாத்தணும்னு சொல்லுது. புது டிரைவ் அதைவிட ரொம்ப நாள் தாங்கும். இருந்தாலும் அஞ்சு வருஷம் மறந்துட்டு வைக்க ஏத்த சாமான் எஸ்எஸ்டி இல்ல. அதுக்கு ஹார்ட் டிஸ்க் பரவாயில்ல, அதையும் அப்பப்போ மாட்டிப் பார்க்கணும்.

120 வருஷம் எப்படி வெச்சிருந்தாங்க?

கொடைக்கானல்ல சூரிய ஆய்வகம் இருக்கே, 1899-ல ஆரம்பிச்சது. 1909-ல ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகள்ல வாயு நகர்றதைக் கண்டுபிடிச்சது அங்கதான். 1904-ல இருந்து அங்க சூரியனைப் படம் எடுத்து, கண்ணாடித் தகட்டுலயும் ஃபிலிம்லயும் சேர்த்து வெச்சிருக்காங்க. இப்போ ஆய்வகத்தை நடத்தற இந்திய வானியற்பியல் நிறுவனம், அந்தத் தகடுகளை 4,096-க்கு 4,096 புள்ளி கேமராவால டிஜிட்டல் ஆக்கி, உலக ஆய்வாளர்கள் எடுத்துப் பயன்படுத்தற மாதிரி பொதுவுல வெச்சிருக்கு.

கண்ணாடித் தகட்டை வெளிச்சத்துல பிடிச்சா படம் தெரியும். டிரைவர் வேணாம், ஃபர்ம்வேர் வேணாம், சாவி வேணாம். எஸ்எஸ்டியில இருக்கிற போட்டோ அப்படி இல்ல. சிப், கன்ட்ரோலர், ஃபர்ம்வேர், ஃபைல் சிஸ்டம், பிட்லாக்கர், விண்டோஸ், இத்தனையும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போனாத்தான் படம் திரையில வரும். அப்கிரேட்ங்கறது அந்தச் சங்கிலியில ஒரு கண்ணியை மாத்தறது. மத்த கண்ணிகள் அதுக்குத் தயாரான்னு பார்த்துட்டு மாத்தறதுதான் நம்ம வேலை. ஆய்வகம் பண்ணதுலயும் நமக்கு ஒரு பாடம் இருக்கு: பழைய ஊடகம் சாகற வரைக்கும் காத்திருக்காம, நல்லா இருக்கும்போதே அடுத்ததுக்குக் காப்பி எடுத்தாங்க.

வரிசை

சரி, ஒரு தடவை தொகுத்துச் சொல்லிடறேன். அப்கிரேட் பண்றதுக்கு முன்னாடி:

1. முக்கியமான ஃபைல்களை வெளி ஹார்ட் டிஸ்க்ல காப்பி எடுங்க. எடுத்து முடிச்சதும் நாலு ஃபைலைத் திறந்து பாருங்க. கிளவுடும் வேணும்னா முன்கூட்டியே ஆரம்பிங்க. 200 ஜிபியை 10 எம்பிபிஎஸ் வேகத்துல ஏத்த ரெண்டு நாள் ஆகும்.
2. பிட்லாக்கர் சாவியைப் பேப்பர்ல எழுதுங்க.
3. டிரைவோட ஆரோக்கியத்தைப் பாருங்க. பிழைகள் காட்டினா, அப்கிரேட் வேணாம், புது டிரைவ் வாங்குங்க.
4. எஸ்எஸ்டி ஃபர்ம்வேரை அப்டேட் பண்ணுங்க.
5. குறைஞ்சது 50 ஜிபி காலி பண்ணுங்க.
6. அப்புறம் அப்கிரேட். முடிஞ்சதும் ட்ரிம் தேதி, காலி இடம் ரெண்டையும் பாருங்க. 10 நாள் கழிச்சுப் பழைய விண்டோஸை எடுத்துடுங்க.

இதுல ஒண்ணு மட்டும்தான் இன்னிக்குப் பண்ண நேரம் இருக்குன்னா, முதல் ஒண்ணைப் பண்ணுங்க. மத்த அஞ்சும் தப்பிப்போனாக்கூட அது உங்களைக் காப்பாத்தும்.

உங்க லேப்டாப் மாடல், எஸ்எஸ்டி மாடல் ரெண்டையும் எழுதிக் கேள்வி அனுப்புங்க. "ஸ்லோவா இருக்கு"ன்னு மட்டும் அனுப்பினா எங்களாலயும் ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது. அடுத்த எபிசோட்ல, போன் ஸ்டோரேஜ் ஏன் எப்பவுமே நிறைஞ்சே இருக்குன்னு பேசலாம்.